பச்சைப் பட்டை

அந்தப் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்களின் ஹார்மோன் ஏற்ற இறக்கம், மணிக்கட்டில் மாட்டிவிட்டிருக்கும் கைப்பட்டையில் நிறமாகத் தெரியும். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பட்டை மஞ்சளாகும்; மற்ற நாட்களில் பச்சை. மஞ்சளில் சொல்லும் புகாரை ஆபீசில் எழுதமாட்டார்கள்.

சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுத்தான் என்று அழுதுகொண்டு போன பூங்கோதையை, "பச்சையானதும் வாம்மா, அப்பவும் அப்படியே தோணுனா எழுதிக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார் மேனேஜர்.

சினைப்பையை எடுத்துவிட்ட ருக்குமணிக்கு ஏற்ற இறக்கமே இல்லை; பட்டை எந்நாளும் பச்சைதான். அவள் பூங்கோதையைக் கூட்டிக்கொண்டு போய் மேசையில் ஓங்கி அறைந்தாள்.

"எழுதுங்க சார்!"

மேனேஜர் அவள் பட்டையைப் பார்த்துத் திகைத்தார். "பச்சையாத்தானம்மா இருக்கு? அப்புறம் எதுக்கு இத்தனை கோவம்?"

"இவ கையைப் பிடிச்சு இழுத்தான்ல, அதுக்குத்தானுங்க சார்."

அவர் இன்னொரு முறை பட்டையைப் பார்த்தார். பிறகு பேனாவைத் தேடினார்.