பின்மண்டை

லோரைன் சைக்கிள் கடைக்குள் வந்ததும் பையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தாள். புத்தம் புதுசு. ஆனால் பின்பக்கம் முட்டை ஓடு மாதிரி நொறுங்கியிருந்தது.

"டெவின் மலையிலதான் ஓட்டுவான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றார் கடைக்காரர் மெரிட்.

"தெரிஞ்சுமா அவனுக்கு இந்த ரோட்டு ஹெல்மெட்டை வித்தே?"

மெரிட் ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, கதவோரம் தலை குனிந்து நின்ற அவள் கணவன் டுவேனைப் பார்த்தார்.

"ஆமா. என் தப்புதான்."

மலையில் விழுந்து செத்த மகனைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகாத தாய். அவள் அழவும் இல்லை. "நீ நல்லாவே இருக்க மாட்டே" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்த வெர்னா எல்லாவற்றையும் கேட்டாள். தன் புருஷன் மெரிட்டா அப்படிச் செய்தார்?

கொலராடோவின் அந்த மலையடிவார ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு ஜாதி. ரோட்டில் பறக்கிறவர்கள் ஹெல்மெட்டில் காற்று புக வேண்டும், கனமே தெரியக் கூடாது என்பார்கள். மலைக்காரர்கள் அதைச் சல்லடை என்று கேலி செய்வார்கள். மலை ஹெல்மெட் பிடரி வரை இறங்கி மூடும், முன்னால் வெயில் மறைப்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதை ரோட்டுக்காரர்கள் நெற்றித் தாழ்வாரம் என்பார்கள். செத்தாலும் ஒருத்தர் மற்றவருடையதைத் தலையில் வைக்க மாட்டார்கள்.

யார் வந்தாலும் மெரிட் முதலில் "ரோடா, மலையா?" என்றுதான் கேட்பார். மலை என்றால் அவர்கள் பின்மண்டையில் விரலால் தட்டி, பாறையில் எந்தப் பக்கம் விழுவோம் என்று யாருக்கும் தெரியாது, இங்கேதான் மூட வேண்டும் என்பார். சல்லடைதான் வேண்டும் என்று அடம் பிடித்த மலைக்காரர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்.

வெர்னா கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். "ஏதோ அவசரத்துல மாத்திக் கொடுத்துட்டேன்," என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடை வாசலில் கூடிக் கிளம்புகிற சைக்கிள் கூட்டம், எதிரே இருந்த காபிக் கடைக்கு மாறியது. ஒருநாள் காலையில் கடைக் கண்ணாடியில் 'கொலைகாரன்' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. மெரிட் பிளேடை எடுத்துப் பொறுமையாகச் சுரண்டினார்.

ஆரம்பத்தில் அவருக்காக எல்லோரிடமும் சண்டை போட்டவள் வெர்னா. போகப் போக அவளுக்கே சலித்துவிட்டது. அவரே ஒப்புக்கொண்ட பிறகு அவள் யாரிடம் வாதாடுவாள்? ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஒரு பையன் உயிரை வாங்கிட்டு உன்னால எப்படி சாப்பிட முடியுது?"

மெரிட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

பனி விழ ஆரம்பித்தபோது கடையை மூடுவதென்று முடிவாகிவிட்டது. மிச்சச் சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்கதவு வழியாக டுவேன் வந்தான். வெர்னா அவன் முகத்தில் கதவைச் சாத்தியிருப்பாள். அவன் கையிலிருந்ததைப் பார்த்து நின்றாள்.

மலை ஹெல்மெட். புதுசு. ஒரு கீறல் இல்லை.

"கார் டிக்கியிலேயே ஒளிச்சு வெச்சிருந்தேன். தூக்கி எறியவும் மனசு வரல," என்றான் டுவேன்.

"யாரோடது?" என்றாள் வெர்னா.

"டெவினோடது." அவன் அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தான். "ரெண்டு பேரும் ஒண்ணாதான் வந்து வாங்கினோம். அவனுக்கு இது, எனக்கு ரோட்டுது. ஆயுசு பூரா ரோட்டுல ஓட்டினவன் நான். ஒரு தடவையாவது என்னோட மலைக்கு வாப்பான்னு கெஞ்சினான். போனேன். மேலே போனதும் என் சல்லடையைப் பார்த்துச் சிரிச்சான். 'இன்னிக்கு விழப்போறது நீதாம்ப்பா'ன்னு சொல்லி, இதை எனக்கு மாட்டிவிட்டுட்டு என்னோடதை அவன் போட்டுக்கிட்டான்."

அவன் ஹெல்மெட்டின் பின்பக்கத்தைத் தடவினான்.

"நான் விழவே இல்ல, வெர்னா."

வெர்னா மெரிட்டின் பக்கம் திரும்பினாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"லோரைன் அதைக் கவுன்ட்டர்ல வெச்சப்பவே. டுவேனுக்கு நான்தானே வித்தேன்."

அன்று சாப்பாட்டு மேஜையில் தான் கேட்டது வெர்னாவுக்கு நினைவு வந்தது. இவன் இப்போதே போய் ஊர் நடுவில் நின்று கத்தட்டும் என்றிருந்தது அவளுக்கு.

டுவேனும் அதற்குத்தான் வந்திருந்தான். "கடையை மூடாதே, மெரிட். இன்னிக்கு லோரைன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

மெரிட் அந்த ஹெல்மெட்டை வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே பழைய டயர்களைப் போட்டு மூடினார்.

"வேண்டாம். மகனும் போய், புருஷனையும் வெறுத்துட்டா, அந்த வீட்டுல அவ யாரோட இருப்பா? வெறுக்கறதுக்கு நான் இருந்துட்டுப் போறேன்."