வாசலில் வேப்பிலை

செஞ்சியில் அம்மை பரவிய பங்குனி மாதம். வேப்பிலை செருகிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் அனுமதி இல்லை. தலைமையாசிரியர் அனுப்பி, தெருத்தெருவாகப் பார்த்து வந்த ரோஷன் பீ டீச்சர், குஞ்சம்மாள் வீட்டு வாசலில் நின்றார்.

"தலைக்கு மூணாந் தண்ணி ஊத்தாம உம் பொண்ணு பவுன பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடாத."

"இன்னிக்கு முழுப்பரீட்ச ஆச்சே டீச்சர்!"

"இன்னா செய்யறது? ரூல்ஸ் அப்படி."

பவுனை வீட்டு வேலைக்கு அழைத்துப்போக, அவள் அப்பா பெங்களூரிலிருந்து அனுப்பிய ஆள், இந்தப் பேச்சு காதில் விழும் தூரத்தில் வந்துகொண்டிருந்தான். வேப்பிலையைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"அம்மை கண்ட பொண்ணு வேணாம்மா. வேற பொண்ணப் பாத்துக்கறேன்."

அவன் தெருமுனை தாண்டியதும் டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆளுதான் போயிட்டானே, சீக்கிரம் அந்த வேப்பிலைய எடு, குஞ்சம்மா. எச்.எம். காதுக்குப் போச்சுன்னா, அங்க பரீட்ச எழுதிக்கினு இருக்கிற பவுன எழுப்பி அனுப்பிடுவாரு."