இட்வாலின் ஐந்து துறைகள்

பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரில் அந்தச் சின்னக் கட்சிக்கு மொத்தமே ஏழு எம்.பி.க்கள். அதனால் ஆளுக்கு நாலு துறைக்காவது பேச வேண்டும். அவர்களில் ஒருவரான இட்வால் பார்த்த துறைகளைக் கட்சித் தலைவி மேரட் மற்றவர்களுக்குப் பங்கு போட்டார்.

"ஹ்யூ, விவசாயம் உங்களுக்கு."

"ஏற்கெனவே நாலு வெச்சிருக்கேன். மூச்சு முட்டுது, மேரட்!"

"இட்வால் அஞ்சு பாத்தாரே! ஒருநாளாவது முணுமுணுத்தாரா?"

ஹ்யூ விவசாயத்தைக் குறித்துக்கொண்டார். ரயில்வே, மீன்வளம், பென்ஷன் எல்லாம் கைமாறின.

"கடைசியா ஒண்ணு. தற்கொலைத் தடுப்பு."

யாரும் நிமிரவில்லை. எல்லோரும் இட்வாலை அடக்கம் செய்துவிட்டு நேராக அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள்.

மேரட்டின் கோப்பில் இட்வால் போன மாதம் எழுதிய கடிதம் இருந்தது: "ரெண்டு துறையையாவது எடுத்துடுங்க. என்னால தாங்க முடியல."

ஓரத்தில் மேரட்டின் கையெழுத்து: "தேர்தல் முடியட்டும்."