மேல் வரி

பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு நகராட்சி அலுவலகத்துக்கு வந்திருந்தாள் மணிமொழி. பழைய பதிவேட்டைப் புரட்டிய எழுத்தர் ஓரிடத்தில் விரலை வைத்தார். பிறகு இன்னொரு விரலையும் வைத்தார். அடுத்தடுத்து இரண்டு வரிகள். ஒரே நாள், அதே அப்பா, அதே அம்மா. இரண்டிலும் பெண் குழந்தை என்று மட்டும் இருந்தது. பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிட்டு, பிறகு பெயர் சேர்க்க யாரும் வராததால் கட்டங்கள் காலியாகவே கிடந்தன.

“ரெட்டைப் பிள்ளைன்னு சொல்லவே இல்லியேம்மா. உங்க பேரை எதுல ஏத்தணும், மேலயா கீழயா?”

வீட்டுக்கு ஒரே பிள்ளையாக வளர்ந்தவள் மணிமொழி. அம்மாவுக்கு போன் செய்தாள்.

“ரெண்டு வரி இருக்கும்மா. யாரு அது?”

மறுமுனையில் குக்கர் விசிலடித்து அடங்கியது.

“கீழ உள்ளதுல எழுதச் சொல்லுடி,” என்றாள் அம்மா கடைசியில். “மேல உள்ளதைத் தொட வேணாம். அவ வந்து கேட்டா என்ன பண்றது?”

எழுத்தர் பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மணிமொழி கீழ் வரியைக் காட்டினாள். அவர் எழுதி முடிக்கும்வரை, மை பட்டுவிடாமல் மேல் வரியை உள்ளங்கையால் மூடியிருந்தாள்.