இடது கை

"டைப்பிங் வேகம் பத்தலம்மா. இப்படியே போனா உங்கள வேலையில வச்சுக்க முடியாது," என்று மேலாளர் போனில் அலுத்துக்கொண்டார்.

"வீட்டுல ஒத்தக் கையாலதான் அடிக்கிறேன் சார். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க."

"இடது கை சீக்கிரம் சரியாகட்டும்னு வேண்டிக்கிறேன்."

"ஐயையோ, அப்படி வேண்டிக்காதீங்க சார்!"

அவருக்குப் புரியவில்லை. அவளோ ஒற்றைக் கையால் தட்டச்சு செய்வதற்கென்றே உள்ள, ஐந்தே விசைகள் கொண்ட சின்னக் கீபோர்டில், இரண்டு மூன்றைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தி, ஒவ்வோர் எழுத்தோடும் மல்லுக்கட்டினாள்.

அடுத்த வாரம் வேகம் இரண்டு மடங்கானது.

"பிரமாதம்மா! கை சரியாயிடுச்சா?"

"இப்ப ரெண்டு கையும் காலியாதான் இருக்கு சார்."

பக்கத்துக் கட்டில் வெறுமையாக இருந்தது. "விட்டுடாதம்மா, பயமா இருக்கு" என்று மாதக்கணக்கில் அவள் இடது கையைப் பற்றியபடியே நோயில் கிடந்த மகள், முந்தாநாள் தானாகவே பிடியை விட்டிருந்தாள்.