கோமோதோ யாருக்கு?

"கோமோதோ, மாயெஸ்த்ரோ... நல்லா கோமோதோவா இருக்கட்டும். ஆனா ஒரோன்சோவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

ஒத்திகைக் கூடத்தின் கதவுக்கு வெளியே டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தைக் கட்டியணைத்தபடி நின்ற ஒரோன்சோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. உள்ளே கிசுகிசுப்பது அவன் மனைவி நுன்சியா. "என்னை நம்புங்க" என்று பதில் சொன்னது எல்லாரும் மாயெஸ்த்ரோ என்று அழைக்கும் பேண்டு மாஸ்டர் ருஜ்ஜெரோ.

ஒரோன்சோவுக்குத் தொழில் கல் செதுக்குவது. இத்தாலியின் லெச்சே பக்கத்து மஞ்சள் கல்லின் தூள் படியாத சட்டை அவனிடம் ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் டியூபாவும் நுன்சியாவின் கிளாரினெட்டும் ஊர் பேண்டில் ஒன்றாக ஒலிக்கின்றன. ருஜ்ஜெரோ போன வருடம் வந்தவன். மனைவியை இழந்தவன், தலைக்கு எப்போதும் வாசனை எண்ணெய்.

வீட்டுக்கு வந்தவரிடம் 'கோமோதோ' என்றால் சௌகரியமாக உட்காருங்கள் என்று அர்த்தம். இசைத்தாளில் அதே வார்த்தை சௌகரியமான வேகத்தைக் குறிக்கும். யாருடைய சௌகரியம் என்றுதான் யாரும் எழுதுவதில்லை.

சான் ரொக்கோ திருவிழாவுக்கு வாசிக்கும் அணிவகுப்பு இசையின் நடுவில் ஓர் இடம் உண்டு. மற்ற வாத்தியங்கள் அடங்கிவிடும். நுன்சியாவின் கிளாரினெட் பாடும். அடியில் ஒரோன்சோவின் டியூபா இடைவிடாமல் தாளம் ஊதும். அச்சில் இருப்பது 'அல்லெக்ரோ'. சந்தோஷமாக, துள்ளலாக வாசிக்க வேண்டும்.

சில மாதங்களாக அந்த இடம் வந்தாலே ருஜ்ஜெரோவின் கை தாழ்ந்துவிடுகிறது. "இங்கே கோமோதோ" என்று நுன்சியாவைப் பார்ப்பான். அவளும் கண்ணை மூடித் திறப்பாள்.

"உன் பொண்டாட்டி வாசிக்கிறப்ப மட்டும் மாயெஸ்த்ரோ கையில மாவு ஒட்டிக்குதே, கவனிச்சியா?" என்று டிராம்போன் ஊதும் கோசிமோ கண்ணடித்தது அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. இப்போது காதாலேயே கேட்டாயிற்று.

அன்று வீட்டுப் படி ஏறும்போது ஒரோன்சோ பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டான். பொறாமை நெஞ்சை அடைத்தது.

மேலே நின்ற நுன்சியா, "மெதுவா வா. யாரு துரத்துறா உன்னை?" என்றாள்.

"உன்னைத் துரத்துறவனைப் போய்க் கேளு!"

"வெயில் ரொம்ப ஏறிடுச்சா மண்டையில?" என்று கேட்டுவிட்டு, அவன் மேலே வந்து சேரும்வரை அவள் உள்ளே போகாமல் நின்றாள். அதுவும் அவனுக்கு நடிப்பாகவே பட்டது. தக்காளி பிழிந்து வைத்த ரொட்டியை அவன் தொடவில்லை.

திருவிழாவுக்கு முந்தைய கடைசி ஒத்திகை. பேண்டு முழுவதும் கூடியிருந்தது. அந்த இடம் வந்தது, ருஜ்ஜெரோவின் கை தாழ்ந்தது. ஒரோன்சோ ஊதுவதை நிறுத்திவிட்டு எழுந்தான்.

"ஒரு சந்தேகம், மாயெஸ்த்ரோ. கோமோதோ, கோமோதோன்றீங்களே, யாருக்கு அந்த சௌகரியம்?"

கோசிமோ தன் டிராம்போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உக்காருங்கண்ணே. அப்புறம் பேசிக்கலாம்" என்றான் ருஜ்ஜெரோ.

"அப்புறம் என்ன அப்புறம்? அல்லெக்ரோன்னு அச்சடிச்சிருக்கு, அல்லெக்ரோவா வாசிப்போம். முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

ருஜ்ஜெரோ நுன்சியாவைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்திருந்தது. "வேணாம், ஒரோன்சோ" என்றாள்.

"வேணாம்ணே" என்றான் ருஜ்ஜெரோவும்.

"பாத்தீங்களா, ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டு!" என்று சிரித்த ஒரோன்சோ, உட்கார்ந்து டியூபாவை மடியில் ஏற்றினான். "ம், ஆரம்பிங்க!"

ருஜ்ஜெரோ வேறு வழியின்றிக் கையை உயர்த்தினான். அணிவகுப்பு துள்ளிக்கொண்டு கிளம்பியது. அந்த இடம் வந்ததும் மற்றவர்கள் அடங்க, கிளாரினெட் குதித்தோடியது. டியூபாவும் விடாமல் கூடவே ஓடியது. பார்த்தாயா என்பதுபோல் ஒரோன்சோ மனைவியை முறைத்தான்.

கொஞ்ச தூரம்தான். டியூபாவின் குரல் மெலிந்தது. அடுத்து ஊதியதில் சத்தமே இல்லை, வெறும் காற்று. அதற்கடுத்து காற்றும் இல்லை. உதடு குழலில் இருந்தது, மார்பு ஏறி இறங்கியது, கூடத்தின் விளக்குகள் சுழன்றன.

தனியாகப் பாடிக்கொண்டிருந்த கிளாரினெட் பட்டென்று நின்றது. நுன்சியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, டியூபாவை அவன் மடியிலிருந்து இறக்கினாள். ருஜ்ஜெரோ ஜன்னல்களைத் திறந்தான். கோசிமோ தண்ணீரோடு வந்தான்.

மூச்சுக்குத் திணறும்போதும் ஒரோன்சோவின் பொறாமை அடங்கவில்லை. அவள் கையைத் தட்டிவிட்டான்.

"இப்பவாவது... சொல்லு. கதவுக்குப் பின்னால... அவன்கிட்ட... என்ன கேட்ட?"

நுன்சியா தன் கழுத்துத் துணியால் அவன் நெற்றியைத் துடைத்தாள். இந்த முறை அவள் கிசுகிசுக்கவில்லை.

"இவருக்கு மூச்சு பத்தல, வேகத்தைக் குறைச்சுக்கங்க, பேண்டை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்கன்னு கேட்டேன்யா."