உள் தாழ்ப்பாள்

"கண்ணு, அந்தத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் பின்னாடி இழு. அப்பா உள்ள வரணும்."

"அப்பா சொல்லாத. நானே."

பால்கனிக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று வயது மகள் இடுப்பில் கைவைத்து நின்றாள். இந்தப் பக்கம் ஈரத் துணிகளோடு பூட்டுக்காரன். துணி காயப்போட வந்தவனை வெளியே விட்டு, குட்டி தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டது. ஊரில் பாதிக் கதவுகளை ஒரு வளைந்த கம்பியால் திறந்தவன் அவன். உள் தாழ்ப்பாளுக்குத்தான் சாவித் துவாரமே கிடையாதே.

அவள் வாயைத் திறந்தால் "நானே"தான். காலையில் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தடுக்கி விழுந்தாளே தவிர, அவனைத் தொடவிடவில்லை.

"யாரைக் கொண்டு பொறந்திருக்குன்னு தெரியலையா?" என்றாள் அப்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி. "கடைக்கு லீவு போட்டுட்டு ஒத்தையா சமாளிப்பீங்களா? எதிர்வீட்டு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேனே."

"அந்த ஆளு உதவி எனக்கெதுக்கு? நானே பாத்துக்குவேன்."

"நீங்க கடவுளே உதவிக்கு வந்தாலும் வாசல்லயே நிக்க வெச்சிருவீங்க."

எதிர்வீட்டுக்காரரும் பூட்டுக்காரர்தான். கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒடுக்கமான தெரு. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமா? இருவரும் பேசி வருஷக்கணக்காகிறது. இன்றைக்குப் பார்த்து அவரும் தன் பால்கனியில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் ஆட்டினார். வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல நேரம் அவருக்குக் கிடைக்குமா? பூட்டுக்காரன் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, காயப்போட்ட துணியையே எடுத்து மறுபடியும் காயப்போட்டான்.

திரும்பிப் பார்த்தால், மகள் நாற்காலியில் ஏறிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் அவனுடைய கத்தியும் அரமும் கிடந்தன.

"கண்ணு, இறங்கும்மா. அப்பா எடுத்துத் தரேன்."

"நானே."

அவன் கண்ணாடியைப் படபடவென்று தட்டினான். 'கடவுளே, எப்படியாவது காப்பாத்து' என்று முனகியவன் சட்டென்று நிறுத்தினான். காலையில் அவள் காலடியில் உட்கார்ந்து செருப்பை மாற்றிவிடக் கெஞ்சினானே, அப்படித்தான் கடவுளும் தன்னிடம் கெஞ்சி அலுத்திருப்பார் என்று தோன்றியது. கேட்ட உதவி எதிரிலேயே கையாட்டிக்கொண்டு நிற்கிறது. இவன் துணி காயப்போடுகிறான். வெட்கமாக இருந்தது. மானம் கப்பலேறினால் ஏறட்டும்.

"அண்ணே" என்று தெருவே கேட்கக் கத்தினான். "பாப்பா என்னை வெளிய விட்டுத் தாழ்ப்பாள் போட்டுருச்சு. வாசக் கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. கொஞ்சம் ஓடி வந்து தெறந்து விடுங்கண்ணே."

எதிர் பால்கனியில் ஆடிய கைகள் தலையில் போய் விழுந்தன.

"நல்லா கேட்ட போ. நீ வந்து தெறப்பேன்னுதானே தம்பி நான் அப்போலேருந்து கையாட்டிக்கிட்டிருக்கேன். என் பேரன் என்னையும் வெளிய விட்டுத் தாழ்ப்பாள் போட்டுட்டான்."

அத்தனை பயத்திலும் பூட்டுக்காரனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தன்னை விட்டுவிட்டு அப்பா மட்டும் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்க்க, மகள் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடிவந்து தாழ்ப்பாளைச் சடக்கென்று இழுத்தாள்.

"நானே தெறந்தேன்."

அவன் அவளை வாரியெடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். எதிர் பால்கனிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, வந்த கடவுளைக் கீழ இறக்கி விட்றாத. அப்படியே தூக்கிட்டு எங்க வீட்டுக்கும் வா."